செல்போனுக்கு ஒரு முட்டுக்கட்டை!

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ம் தேதி நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு பேச, டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராம் பதில் பேசினார். அன்றைக்கு போன் என்பது காதுக்கான சமாசாரம். எடுத்தோம், பேசினோம், வைத்தோம். (வருகிற காலுக்கும் காசு என்பதால் சீக்கிரமே வைத்தோம்!)

இன்றைக்கு அது கண்ணுக்கான சமாசாரம். சிக்கலே அங்கேதான். உங்கள் ஆபீஸையே ஒரு சுற்று பாருங்கள். டிபன் பாக்ஸில் ஒரு போன், தண்ணீர் பாட்டிலில் ஒன்று, பழைய ஃபைல் கட்டில் ஒன்று என்று சாய்ந்து நிற்கும். திடீரென்று 'தொப்'பென்று குப்புற விழும்!

எனக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில் இருக்கிறது. அம்மா அங்கே, தங்கை மஸ்கட்டில். அம்மாவுக்குக் கை நடுக்கம். வீடியோ காலில் பாதி நேரம் தங்கைக்கு தரிசனம் தருவது எங்கள் வீட்டு ஃபேன்தான்.

"அம்மா, மூஞ்சியக் காட்டும்மா..."

"காட்டிட்டுத்தானடி இருக்கேன்!"

கடைசியில் "கை வலிக்குதுடி" என்று அம்மா வைத்துவிடுவாள். வாரத்துக்கு ஒரு தடவை மகள் முகம் பார்க்கிற நேரத்தை இந்த நடுக்கம் தின்றுவிடலாமா?

போன லீவில் ஊர் தச்சுப் பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் சிரித்தார். "தேரையே முட்டுக்கட்டை போட்டு நிறுத்தறாங்க தம்பி... போன் எம்மாத்திரம்?"

வாஸ்தவம்தான். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதியில் வரும் பெரிய தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் போடுகிற சாய்வான கட்டைதானே!

மூலையில் கிடந்த வேப்பந்துண்டு ஒன்றை நீட்டினார். காசு வாங்கவில்லை. "நல்லா காஞ்ச கட்டை. பச்சையா இருந்தா காயக் காய முறுக்கிக்கும். வேம்புன்னா பூச்சி லேசுல அண்டாது" என்றார். ரம்பமும் உளியும் இரவல்.

இனி செய்முறை. அகலம் 3 அங்குலம், முன்னிருந்து பின்னாக நீளம் 4 அங்குலம், கனம் 1½ அங்குலம். மரத்தின் ரேகை முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும். முன் விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, ரேகைக்குக் குறுக்கே அரை அங்குல இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். அந்தக் கோடுகளில் ரம்பத்தைப் பின்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, அரை அங்குல ஆழத்துக்கு அறுங்கள். நடுவில் உள்ளதை உளியால் தட்டினால் சில்லு சில்லாகப் பெயர்ந்து வரும். உறை போட்ட போன்கூட அந்தக் காடியில் உட்காரும்.

சாய்வு சுமார் 20 டிகிரி இருக்கட்டும். ரொம்ப நிமிர்ந்தால் போன் முன்னால் கவிழும். ரொம்பச் சாய்ந்தால் பாரம் கட்டைக்கு வெளியே போய் பின்னால் மல்லாந்துவிடும். காடிக்குப் பின்னால் இரண்டரை அங்குலம் மரம் விட்டதே இதற்காகத்தான்.

காடிக்கு முன்னால் இருக்கிற மேட்டைப் பாதியாகச் சீவிவிடுங்கள். திரையின் அடிப்பாகம் மறையாது. சார்ஜ் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டுமா? போனைப் படுக்கவாட்டில் வையுங்கள். சார்ஜ் ஒயர் பக்கவாட்டில் வந்துவிடும், துளை போடும் வேலை மிச்சம். அப்புறம் உப்புத்தாளை ரேகையோடு தேயுங்கள், முதலில் முரட்டுத்தாள், பிறகு நைஸ். மேலே கொஞ்சம் லின்சீட் ஆயில். தீர்ந்தது!

எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. அன்று ராத்திரி மஸ்கட்காரி முக்கால் மணி நேரம் பேசினாள். அம்மா பேசிக்கொண்டே இரண்டு கையாலும் கீரை ஆய்ந்து முடித்துவிட்டாள்.

'கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்குமே சார்!' என்பீர்கள். கிடைக்கும். ஆனால், நாள் முழுக்கக் கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிற நமக்கு, மற்ற நாலு விரலுக்கும் ஒரு வேலை வேண்டாமா?

தவிர, ஆபீஸில் நம் ஃபைலுக்கு முட்டுக்கட்டை போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உருப்படியான முட்டுக்கட்டை ஒன்றை நாமே போட்டால்தான் உண்டு!