கொசுவை வைத்தே டெங்குவைத் தடுத்த நகரம்

வொல்பாக்கியா என்பது பூச்சிகளின் உயிரணுக்களுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா. பூச்சியினங்களில் ஏறத்தாழப் பாதியில் இயற்கையாகவே காணப்படும் இது, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் இயல்பாக இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓ'நீல் தலைமையிலான ஆய்வாளர்கள், பழ ஈயிலிருந்து எடுத்த வொல்பாக்கியாவை நுண்ணிய ஊசியால் ஏடிஸ் முட்டைகளுக்குள் செலுத்தி, பல ஆண்டு முயற்சிக்குப் பின் அதை நிலைபெறச் செய்தபோது, அந்தக் கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருக்கம் ஒடுங்குவது தெரியவந்தது. இந்தப் பாக்டீரியா தாயிடமிருந்து முட்டை வழியாகச் சந்ததிக்குச் செல்வதாலும், அதைச் சுமக்கும் ஆண் கொசு சுமக்காத பெண் கொசுவுடன் கூடினால் முட்டைகள் பொரிக்காமல் போவதாலும், சில மாதங்கள் இத்தகைய கொசுக்களை வெளியில் விட்டால் ஊர்க் கொசுக்களிடையே அது தானாகவே பரவி நிலைத்துவிடுகிறது. 2011இல் கெய்ன்ஸ் நகரின் புறப்பகுதிகளில் இது மெய்ப்பிக்கப்பட்டது.

ஆயினும் கொசு மாறுவது வேறு, மனிதருக்கு நோய் குறைவது வேறு. டெங்கு ஓராண்டு பெருகி மறு ஆண்டு தணியும் இயல்புடையது. ஆகவே கொசுக்களை விட்டபின் நோய் குறைந்தது என்று காட்டினால் மட்டும் எதுவும் நிறுவப்பட்டதாகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் கஜா மடா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆதி உதாரினி முன்னின்று, ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்துடன் இணைந்து நடத்திய ஆய்வில், புள்ளியியலாளர்கள் இதற்கு ஒரு வழி வகுத்தனர். நகரின் 24 பகுதிகளுள் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 பகுதிகளில் மட்டும் 2017இல் வொல்பாக்கியா கொசுக்கள் விடப்பட்டன. காய்ச்சலுடன் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, 3 முதல் 45 வயது வரையிலான 8,144 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர்; அவர்களுள் ஆய்வகச் சோதனையில் டெங்கு உறுதியானவர்களும் வேறு காய்ச்சல் உற்றவர்களும் எந்தெந்தப் பகுதியினர் என்பது ஒப்பிடப்பட்டது. சிகிச்சை நாடும் பழக்கம் இடத்துக்கு இடம் மாறினாலும் கணக்குப் பிறழாமல் காக்கும் இந்த ஏற்பாடு, கொசுவை மாற்றிய ஆய்வகச் சாதனைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. கொசு விடப்படாத பகுதிகளிலிருந்து ஒப்பீட்டில் இடம்பெற்றவர்களில் 9.4 சதவீதத்தினருக்கும், விடப்பட்ட பகுதிகளில் 2.3 சதவீதத்தினருக்கும் டெங்கு இருந்தது. ஆய்வாளர்களின் கணக்கீட்டின்படி நோய் 77 சதவீதமும், மருத்துவமனையில் சேரும் நிலை 86 சதவீதமும் குறைந்தன என 2021இல் முடிவு வெளியானது.

இவ்வளவுக்கும் கொசு முட்டைகளிட்ட வாளிகள் மக்களின் வீட்டு வளாகங்களிலேயே வைக்கப்பட்டு, இரு வாரங்களுக்கொரு முறை மாற்றப்பட்டன. கொசுவை ஒழிக்குமாறே காலமெல்லாம் கேட்டுப் பழகிய குடும்பங்களிடம் கொசு வளர்க்க இடம் கேட்பது பூச்சியியலுக்குள் அடங்கும் வேலையன்று. ஊர்ப் பெரியவர்களோடும் குடியிருப்பாளர்களோடும் பேசி, ஐயங்களுக்கு விடையளித்து, இசைவு பெற்ற களப்பணியாளர்களின் பொறுமையின்மேல்தான் அந்தப் புள்ளிவிவரம் நிற்கிறது.

கொசுவின் புழுப்பருவத்தில் தண்ணீர் மிகுதியாகச் சூடேறினால், யோக்யகர்த்தாவில் பயன்பட்ட வொல்பாக்கியா வகை உடலில் குன்றிவிடும் என்பதால், வெப்பம் கூடிய ஊர்களுக்கு வேறு வகை தேவைப்படலாம். மலேசியா அத்தகைய வேறொரு வகையையே கையாண்டது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையமும் மொனாஷ் பல்கலைக்கழகத்திடம் பெற்ற முட்டைகளைக் கொண்டு, இவ்விரு வகைகளையும் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை உள்ளூர்க் கொசுக்களோடு கலந்து உருவாக்கியுள்ளது.