கடிந்துகொண்டால் காரியம் ஆகுமா?

பகலெல்லாம் தம்மிடம் வரும் நோயாளிகளைக் கவனித்துவிட்டு, மாலையானதும் நியூயார்க் நகரின் ஏழை எளியவர்களுக்காக நடந்த இலவச மருத்துவ நிலையத்துக்குச் சென்று இரவு வெகுநேரம் வரை உழைத்துவந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனோதத்துவ நிபுணர், ஒரு கட்டத்தில் தாமே படுக்கையை விட்டு எழ மாட்டாதவராகிப் போனார். தம் மனத்திலிருந்ததை ஒலிநாடாவில் பேசிப் பதிவுசெய்து, அதை வேறொருவர் குரலாகப் பாவித்துக் கேட்டபோதுதான், தமது களைப்புக்குள் எவ்வளவு கோபம் மறைந்திருந்தது என்பது அவருக்குப் புலனாயிற்று. அவர் 1974-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இந்த நிலைக்குப் ‘பர்ன்-அவுட்’ என்ற பெயர் மனோதத்துவ உலகில் நிலைபெற்றது. உலக சுகாதார ஸ்தாபனமும், 2019-ல் ஏற்கப்பட்ட தனது நோய்ப் பட்டியலில், இதை வியாதி என்று சொல்லாமல், தணியாத வேலை நெருக்கடியால் விளையும் நிலை என்றே வரையறுத்தது. தீராத களைப்பு, வேலையில் கசப்பு, திறமை குன்றிவிட்டதென்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் லட்சணங்கள்.

இந்த நிலையிலுள்ளவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் எதை முதலில் செய்வது, எங்கே தொடங்குவது, தொடங்கியதை எப்படி முடிப்பது என்பவற்றை நிர்ணயிப்பதில் பிரதான பங்கு வகிக்கும், நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி, கவலையும் பயமும் மிகும்போது மந்தமாகிவிடுகிறது; ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு உள்ளவர்களுக்கோ இந்தச் சிரமம் சிறு வயதிலிருந்தே உண்டு. மின்சாரக் கட்டணச் சீட்டு மேஜைமேல் கிடக்கிறது, பணமும் இருக்கிறது, கடைசித் தேதியும் தெரியும், ஆயினும் கை அதனருகே போக மறுக்கிறது. “இதுகூடவா உன்னால் முடியவில்லை?” என்று தம்மையே நிந்தித்துக்கொள்ளும்போது பயம் இரட்டிப்பாகி, வேலையைத் தொடங்கித் தரவேண்டிய அந்தச் சக்தியே மேலும் குன்றுகிறது. களைத்து மண்டியிட்ட மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவதற்கும் இதற்கும் பேதமில்லை.

ஆகவே பரிவுள்ள சிகிச்சை, முதலில் இந்த நிந்தனையை நிறுத்தவே முயல்கிறது. இங்கிலாந்தின் பால் கில்பர்ட் என்ற நிபுணர், தங்கள்மேல் குற்றமில்லையென்று நோயாளிகள் புத்தியால் அறிந்திருந்தும், அந்த ஆறுதலைக்கூடக் கடுமையான தொனியிலேயே தங்களுக்குச் சொல்லிக்கொண்டதைக் கண்டு, சொல்லோடு தொனியையும் கனிவாக்கும் பயிற்சியைத் தம் சிகிச்சைமுறையின் ஓர் அங்கமாக்கினார். மனம் சற்றே அமைதியடைந்தபின், சிகிச்சையாளர்கள் காரியத்தைச் சிறு துண்டுகளாக்குவார்கள். “காப்பி குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் சீட்டைக் கையில் எடுப்பேன்” என்பது போல, சமயத்தையும் செயலையும் முன்கூட்டியே இணைத்துக்கொண்டால் நிறைவேற்றுவது எளிதாகிறதென்பதை மனோதத்துவ நிபுணர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வேண்டியவர் ஒருவர் அருகே பேசாமல் உட்கார்ந்திருப்பதும் சிலருக்குத் துணையாகிறது.

இவ்வளவு இடம் கொடுத்தால் மனிதன் கெட்டுப்போக மாட்டானா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டணத்தைக் கட்டவே வேண்டாமென்று எந்தச் சிகிச்சையும் சொல்வதில்லை. கட்டுவதற்கான வழியைக் களைத்தவருடைய சக்திக்கு ஏற்றபடி அமைத்துத் தருகிறது. அதோடு, பாரத்தைக் குறைக்காமல் சுமப்பவரை மட்டும் சீர்திருத்தப் பார்ப்பதும் நியாயமாகாது. வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும், கடினமான பணியில் ஒருவரையே திரும்பத் திரும்ப அமர்த்தலாகாது, ஓய்வுக்கு அவகாசம் தரவேண்டும் என்று, 1974-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே ஃப்ராய்டன்பெர்கர் இலவச மருத்துவ நிலையங்களை நடத்துவோருக்குப் புத்தி சொல்லியிருந்தார்.