எந்தக் காற்றுக்கு எந்த முகக்கவசம்?

புகைமூட்டம் பற்றிக் கட்டுரை கேட்டால், நம் மாணவர்களில் பலர் ‘முகக்கவசம் அணிய வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். எந்தக் கவசம், ஏன் என்று சொன்னால்தானே அது விளக்கக் கட்டுரை?

முதலில் காற்றைப் பாருங்கள். நம் நாட்டில் ஐ.பி.யூ. அளவு 100ஐத் தாண்டினால் காற்று ஆரோக்கியமற்றது. 200க்கு மேல் மிகவும் ஆரோக்கியமற்றது. 300க்கு மேல் அபாயகரமானது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அது 500ஐத் தாண்டியதால் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. இன்றைய எஸ்.பி.எம். மாணவர்கள் அப்போது பிறக்கவே இல்லை!

புகைமூட்டத்தில் நம்மை வாட்டுவது 2.5 மைக்ரோனுக்கும் சிறிய நுண்துகள்கள். தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். மஸ்ஜித் இந்தியா கடைகளில் தூடோங் நிறத்துக்கு ஏத்த மாதிரி விற்கும் துணிக்கவசம் பார்க்க அழகுதான். ஆனால் இந்தத் துகளை அது சரியாகத் தடுக்காது. அறுவைச் சிகிச்சைக் கவசத்திலும் கன்னத்து ஓரமாகக் காற்று நுழைந்துவிடும். என்95 மிக நுண்ணிய துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டும். அதுவும் முகத்தோடு ஒட்டி இருந்தால் மட்டுமே. தாடி இருந்தால் ஒட்டாது. தூடோங்குக்கு மேல் வாரை மாட்டலாம். ஆனால் கவசத்தின் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே துணி வரக்கூடாது. துவைத்துப் போடுவதும் வேண்டாம், வடிகட்டும் திறன் போய்விடும். பெரியவர்களின் அளவில் செய்தது சிறு பிள்ளைகளின் முகத்தில் பொருந்தாது. அவர்களை வெளியே விடாமல் கதவு, சன்னலைச் சாத்தி வைப்பதே மேல். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு என்95 போட்டால் மூச்சு வாங்கலாம்; மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது நச்சு வாயுவில்தான். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவிலிருந்து கிளம்பிய வாயுவால் பள்ளிப் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே என்95 போட்டும் பயனில்லை. துகளைப் பிடிக்கும் வடிகட்டி வாயுவைப் பிடிக்காது. அதற்குக் கரி போன்ற உறிஞ்சும் பொருள் அடைத்த குப்பி வேண்டும், அதுவும் அந்தந்த வாயுவுக்கு ஏற்றதாக. என்ன வாயு என்றே தெரியாதபோது எதைத் தேர்ந்தெடுப்பது? அதனால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து விலகிப்போவதே ஆசிரியர் செய்யக்கூடியது.

தீ விபத்திலும் இதே கதைதான். வடிகட்டும் கவசம் எதுவும் பிராணவாயுவைத் தராது. தீயணைப்பு வீரர் முதுகில் காற்றுக் கலனைச் சுமப்பது அதனால்தான். கவசத்தைத் தேடி நிற்காமல், புகைக்குக் கீழே குனிந்தோ தவழ்ந்தோ வெளியேற வேண்டும்.

ஒரு சின்ன இலக்கணக் குறிப்பு: முகம் + கவசம் = முகக்கவசம். ‘க்’ விடுபட்டால் அது எழுத்துப்பிழை.