கவச உடையில் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

எந்தக் குண்டாலும் துளைக்க முடியாத அங்கி என்று ஒன்று கிடையாது. இன்ன குண்டு, இன்ன வேகத்தில் வந்தால் தடுக்கும் என்பது மட்டுமே கவச உடையின் ஒவ்வொரு 'நிலை'யும் தரும் உத்தரவாதம். எந்தத் தரத்தின்படி என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கும் பொருளில்லை. அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் (என்.ஐ.ஜே.) 2008-இல் வெளியிட்ட தரத்தில் 3ஏ வரை கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்கு, 3-உம் 4-உம் ரைஃபிள் குண்டுகளுக்கு. அங்கே 4-தான் உச்சம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 17051 (2018) தரத்திலோ ஆறு நிலைகள். கான்பூரில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் உருவாக்கியதாக 2024-இல் அறிவிக்கப்பட்ட அங்கி, கவசம் துளைக்கும் ஸ்னைப்பர் குண்டைத் தடுக்கும் ஆறாம் நிலையைச் சேர்ந்தது. ஆக, 'நாலாம் நிலை' என்று விற்பனையாளர் சொன்னால் அது ஒரு பட்டியலில் உச்சி, இன்னொன்றில் நடுப்படி. என்.ஐ.ஜே.யே 2023-இல் வெளியிட்ட புதிய தரத்தில் பழைய எண்களைக் கைவிட்டு, கைத்துப்பாக்கிக்கு எச்.ஜி., ரைஃபிளுக்கு ஆர்.எஃப். என்று பிரித்துவிட்டது. இதை முன்பே செய்திருக்கலாம்.

அப்படியானால் எல்லோருக்கும் உச்ச நிலையே கொடுத்துவிடலாமே என்பார்கள். கொடுக்கலாம்தான், ஆனால் செராமிக் தகடுகளின் எடையோடு சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் யார் நிற்பது? கழற்றி ஜீப்பில் போட்ட அங்கி எந்த நிலையானாலும் ஒன்றுதான். ரோந்துக் காவலருக்கு நாள் முழுக்கப் போட்டிருக்கக்கூடிய மென்கவசமும், ஏ.கே. துப்பாக்கியை எதிர்கொள்ளும் பிரிவுக்குத் தகடும் என்று அச்சுறுத்தலைப் பார்த்தே ஒதுக்க வேண்டும். தகட்டில் 'ஐ.சி.டபிள்யூ.' என்றிருந்தால், உரிய மென்கவசத்தோடு சேர்த்து அணிந்தால்தான் அது சொன்ன நிலைக்குத் தாங்கும். குண்டு நின்றுவிட்டாலும் அடி உடலில் இறங்கும்: அமெரிக்கச் சோதனையில் பின்னாலுள்ள களிமண்ணில் 44 மி.மீ. வரை பள்ளம் அனுமதிக்கப்படுகிறது. கத்திக்குத்துக்கோ தனித் தரம் உண்டு.

சான்றிதழ் இருந்தால் போதாதா? போதாது. 2003-இல் பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் ஹில்ஸில், ஒரு போலீஸ் அதிகாரியின் சைலான் இழை அங்கியை அது தடுத்திருக்க வேண்டிய குண்டே துளைத்தது. ஈரமும் வெப்பமும் அந்த இழையை வலுவிழக்கச் செய்வது ஆய்வில் தெரியவர, 2005-இல் என்.ஐ.ஜே. சைலானை ஏற்பதை நிறுத்தியது. அதனால் தயாரிப்புத் தேதி, காலாவதி, தொகுதி எண், எந்தத் தரத்தில் எந்த நிலை ஆகியவை லேபிளில் தெளிவாக இருக்க வேண்டும். லேபிள் கிழிந்த அங்கியை எழுத்துமூலம் திருப்பிக் கொடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம், புகாரும் செய்யலாம். இதையெல்லாம் வெளியே கேட்டால் எதிரிக்குத் துப்பு கிடைக்காதா என்ற தயக்கத்தில் பாதி நியாயம் இருக்கிறது. யார், எங்கே, எதை அணிகிறார்கள் என்பது ரகசியம்தான். தரமோ அச்சிட்டு வெளியான ஆவணம்; வாங்கிய தொகுதி சோதனையில் தேறியதா என்பது பொதுப்பணம் பற்றிய கேள்வி. தகவல் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவற்றுக்கு விலக்களித்தாலும், ஊழல் குற்றச்சாட்டு தொடர்பான தகவல்களுக்கு அந்த விலக்கு கிடையாது.