மலையில் தைத்த பையும் நம் கடைக் கணக்கும்

"அண்ணே, ஒரு பை குடுங்க!"

ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்தக் குரலைக் கேட்கிறோம் என்று எந்த மளிகைக் கடைக்காரரும் எண்ணிச் சொல்ல முடியாது. அரைக்கிலோ சர்க்கரை வாங்குபவரும் கேட்கிறார், மாத மளிகை வாங்குபவரும் கேட்கிறார். இல்லை என்றால் முகம் சுளிக்கிறார். கொடுத்தால் அதிகாரி வந்து நிற்கிறார். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக் கொண்டிருப்பவர் நம் வணிகர்.

இந்தத் தலைவலிக்கு ஒரு மருந்து நம் பக்கத்து மலையிலேயே இருக்கிறது. அதை நாமே ஒருமுறை கெடுத்தும் வைத்தோம். அந்தக் கதையை மறைக்காமல் உறுப்பினர்கள் முன் வைப்பதுதான் முறை என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தடை வந்த வழி

தமிழ்நாடு அரசு 2018 ஜூன் மாதம் ஆணை பிறப்பித்து, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பைகளோடு, துணி போலத் தோன்றும் 'நான் ஓவன்' பைகளும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. "பார்த்தால் துணி மாதிரிதானே இருக்கிறது" என்று வாங்கி அடுக்கிய பலர் அப்போது நட்டப்பட்டார்கள். அது பருத்தியல்ல, அதுவும் ஒருவகைப் பிளாஸ்டிக் இழைதான். 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 2022இல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சள் பை தரும் இயந்திரம் வைத்தார்கள்.

மஞ்சள் பை நமக்குப் புதிதல்ல. ஜவுளிக் கடைப் பையும், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையும் கிழியும் வரை நம் வீட்டு ஆணியில் தொங்கியவைதாம். நடுவில் மலிவாகக் கிடைத்த பிளாஸ்டிக் அதை ஆணியிலிருந்து இறக்கி விட்டது.

கொல்லிமலையில் கண்டது

சென்ற ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவையொட்டி நம் சங்கத்தார் சிலர் கொல்லிமலை சென்றிருந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மலையிலிருந்து மிளகும் காப்பியும் அன்னாசியும் மலைவாழையும் பலாவும் கீழே இறங்குகின்றன. அரிசியும் எண்ணெயும் சோப்பும் மேலே ஏறுகின்றன. சோளக்காட்டுச் சந்தையில் சரக்கு எடுக்காத வியாபாரி நம் வட்டாரத்தில் குறைவு.

சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் மலைவாழ் மக்களின் அன்றாட உணவாக இருந்த இவற்றின் பயிர்ப்பரப்பு மரவள்ளி வந்த பிறகு சுருங்கிப் போயிற்று. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியப் பணியில் ஈடுபட்டு, பெண்கள் குழுக்களைக் கொண்டு தானியத்தைச் சுத்தம் செய்து, பொட்டலம் கட்டி விற்கும் வழியைக் காட்டியது. மலைப் பெண்களின் கைவேலைக்குக் கீழ்நாட்டில் விலை உண்டு என்பதற்கு இதுவே போதிய சான்று.

நாங்கள் பார்க்கச் சென்றது ஒரு தையல் குழு. பதினோரு பெண்கள், ஆறு தையல் இயந்திரங்கள். அவற்றில் நான்கு காலால் மிதிப்பவை. மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. மிதி இயந்திரம்தான் கைகொடுக்கிறது என்றார்கள். காடாத் துணியில் கடைப் பை, தானியம் போட்டுக் கட்டச் சுருக்குப் பை, மிச்சத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுப் போர்வை என்று மூன்று சரக்குகள் அங்கே தயாராகின்றன.

போர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய சேலைகளை நாலு மடிப்பாக உள்ளே வைத்து, மேலே வண்ணத் துண்டுகளை இணைத்து, கை ஊசியால் நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுகிறார்கள். காட்டு வேலை போக மீதி நேரத்தில் தைப்பதால் ஒரு பெரிய போர்வை முடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. மார்கழிக் குளிருக்கு அதன் இதம் தனி. வங்காளத்தில் இதே வேலையைக் 'காந்தா' என்கிறார்கள். வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைப்பது 'கவுதி'. அவையெல்லாம் நகரத்துக் கண்காட்சிகளில் நல்ல விலைக்குப் போகின்றன. நம் வீடுகளில் பாட்டிமார் குழந்தைக்குத் தைத்துப் போட்ட விரிப்பும் இதே வகைதான். நாம்தான் அதற்குப் பெயர் வைத்து விலை சொல்லவில்லை.

நாம் செய்த தவறு

பேச்சு ஆர்டரில் வந்து நின்றதும் குழுத் தலைவியின் முகம் மாறியது.

"கோவிச்சுக்காதீங்க ஐயா, கீழ்நாட்டு யாவாரிங்க ஆர்டரு இப்ப நாங்க எடுக்கறதில்லைங்க."

"ஏனம்மா?" என்று கேட்டோம். அவர் பெட்டியைத் திறந்து ஒரு பழைய ரசீதை எடுத்து நீட்டினார். வாங்கியவர் பெயர் இருந்த இடத்தில் நம் சங்கத்தின் பெயரே இருந்தது!

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஆண்டுவிழாவுக்காக 500 பைகள் வாங்கினோம். பை ஒன்று 20 ரூபாய். மொத்தம் 10,000 ரூபாய். விழா முடிந்தது, பொருளாளர் மாறினார், ரசீது கோப்புக்குள் போயிற்று. நான்கு மாதம் கழித்துத்தான் பணம் போய்ச் சேர்ந்தது. நம் கணக்கில் அது 'பைசல்'. அவர்கள் கணக்கில் என்ன ஆயிற்று? துணிக்கும் நூலுக்கும் போட்ட 7,500 ரூபாயைக் குழுச் சேமிப்பிலிருந்து நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டிக்கு எடுத்திருக்கிறார்கள். நான்கு மாத வட்டி 600 ரூபாய். தையல் கூலியாக நின்றதே 2,500 ரூபாய்தான். ஆக, கூலியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை நம் தாமதம் தின்று விட்டது.

"துணிக்கடைக்காரரு எங்களுக்குக் கடன் தர மாட்டாருங்க. கையில காசு வெச்சாத்தான் துணி. நீங்க எல்லாரும் கொடுத்துருவீங்க, இல்லைங்கல. ஆனா எப்பக் கொடுப்பீங்கன்னு தெரியலீங்களே!" என்றார் அந்த அம்மா. நம்மில் ஒருவருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மொத்த வியாபாரி நம்மிடம் ஒரு வாரம் கெடு வைத்தால் கொதிக்கிறோம். பெரிய கம்பெனிகள் முன்பணம் கட்டினால்தான் சரக்கு அனுப்புகின்றன; கட்டுகிறோம். கேட்கத் தெரியாதவரிடம் மட்டும் நம் பணப்பெட்டி மெதுவாகத் திறக்கிறது. பிறர் பொருளையும் தம் பொருளாகக் கருதி வாணிகம் செய்யச் சொன்ன வள்ளுவர், அதை நடுவுநிலைமை அதிகாரத்தில் கடைசிக் குறளாக வைத்தார். அது நமக்காகவே வைத்தது.

ஒரு பையின் அடக்க விலை

ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். துணி விலை ஊருக்கு ஊர் மாறும். உறுப்பினர்கள் தம் ஊர் விலையைப் போட்டுக் கொள்ளலாம்.

36 அங்குல அகலக் காடாத் துணி 5 மீட்டர் எடுத்தால், 14க்கு 16 அங்குலப் பை, கைப்பிடியும் சேர்த்து, 12 தேறும். மீட்டர் 40 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் பை ஒன்றுக்குத் துணி மட்டும் சுமார் 17 ரூபாய். நூல், ஊசி, எண்ணெய் 1 ரூபாய்.

அடுத்து கூலி. ஒருவர் வெட்டித் தைத்து மடித்து வைக்க, நாளொன்றுக்கு 40 பை என்பது நல்ல கணக்கு. பைக்கு 5 ரூபாய் கொடுத்தால் நாள் கூலி 200 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் நிர்ணயித்த கூலியே 319 ரூபாய். அப்படியிருக்க, இயந்திரம் சொந்தமாக வைத்துத் தைப்பவர் 200 ரூபாய்க்கு எத்தனை நாள் உட்காருவார்? பைக்கு 8 ரூபாய் கொடுத்தால்தான் நாள் கூலி 320 ரூபாய் ஆகிறது. ஆக, அடக்கம் 26 ரூபாய்.

"26 ரூபாய்ப் பையை இனாமாகக் கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதான்" என்று உறுப்பினர்கள் சொல்வது காதில் விழுகிறது. நியாயமே. எல்லோருக்கும் இனாமாகக் கொடுக்க முடியாது. ஆனால் மாதம் 2,000 ரூபாய்க்கு மளிகை வாங்கும் வாடிக்கையாளருக்கு ஆண்டுக்கு இரண்டு பை கொடுத்தால் செலவு 52 ரூபாய். ஆண்டு வியாபாரம் 24,000 ரூபாய். நூற்றுக்குக் கால் ரூபாய்கூட ஆகவில்லை.

ஜனவரி முதல் தேதிக்கு நாம் அச்சடித்துக் கொடுக்கும் தினசரிக் காலண்டரை நினைத்துப் பாருங்கள். அதன் செலவை யாரும் நட்டமாக எழுதுவதில்லை, விளம்பரம் என்கிறோம். காலண்டர் ஒரு வீட்டுச் சுவரில் தொங்கும். பை தெருத்தெருவாக நடக்கும். பக்கத்துக் கடையில் காய்கறி வாங்கும்போதும் அதில் இருப்பது உங்கள் கடைப் பெயர்தான்!

தருமபுரியும் பவானியும் தரும் பாடம்

கைவேலை நிலைத்து நிற்குமா என்று ஐயப்படுவோர் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியைப் பார்க்கலாம். 1993இல் மருத்துவர் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் மலைவாழ் மக்களுக்காக மருத்துவப் பணி தொடங்கிய பள்ளத்தாக்கு அது. அங்குள்ள லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கிழவிகளோடு மறையும் நிலையில் இருந்தது. 2006இல் அதை மீட்க ஓர் அமைப்பு தொடங்கினார்கள். பெயர் 'போர்கை', லம்பாடி மொழியில் பெருமை என்று பொருள். இன்று அந்தத் தையல் போட்ட சேலையும் திண்டுறையும் நகரங்களில் விலை போகின்றன. மதிப்புத் தெரிந்து வாங்குவோர் இருந்ததால் கலை பிழைத்தது.

பவானி ஜமக்காளம் மறுபக்கப் பாடம். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜமக்காளம் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட சரக்கு. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இருந்தும் விசைத்தறி விரிப்பைப் 'பவானி' என்று சொல்லி விற்றவர்களால் கைத்தறிக்காரர் தொழில் நலிந்தது. விற்றவர்களில் நம்மைப் போன்ற கடைக்காரர்களும் உண்டு. சட்டம் காக்காததைக் கடைக்காரர் நாணயம் காத்திருக்க முடியும்.

சட்டமும் கவனத்தில் இருக்கட்டும்

சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால் எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேற்படாமலும் பணம் கொடுக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் இதனோடு கைகோத்துக் கொண்டது. கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். தையல் குழுவும் பதிவு செய்திருந்தால் இது பொருந்தும். கணக்குப் புத்தகம் வைத்து வரி கட்டும் உறுப்பினர்கள் தம் ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிவு பெறுக.

உறுப்பினர்களுக்கு ஐந்து யோசனைகள்

1. ஆர்டர் கொடுக்கும்போதே துணிச் செலவை முன்பணமாகக் கொடுங்கள். மீதியைச் சரக்கு வந்த அன்றே கொடுங்கள்.

2. தீபாவளிக்கு வேண்டிய பையை ஆடியிலேயே சொல்லுங்கள். ஐப்பசி அடைமழையில் துணி காயாது. அவசரப்படுத்தினால் தையலும் கெடும்.

3. மாதிரிப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுத் தூக்கிப் பாருங்கள். கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்துக் குறுக்கே பெருக்கல் குறித் தையல் போட்டிருக்க வேண்டும். பை கிழிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

4. கஞ்சி போட்டு விறைப்பாக்கிய துணியைக் கண்டு ஏமாற வேண்டாம். ஒரு துண்டை நனைத்துக் கசக்கிப் பார்த்தால் நெசவின் நெருக்கம் தெரிந்து விடும்.

5. சாமை, தினை விற்பவர்கள் அரைக்கிலோ, ஒரு கிலோ சுருக்குப் பையில் கட்டி வைத்துப் பாருங்கள். தானியம் தீர்ந்த பிறகும் பை வீட்டில் இருக்கும்.

மறுபடியும் ஓர் ஆர்டர்

அன்று மலையிலிருந்து இறங்குமுன் பழைய வட்டி 600 ரூபாயை அந்த அம்மாவிடம் கொடுத்தோம். முதலில் வாங்க மறுத்தார். "இது தானமில்லை அம்மா, பாக்கி" என்று சொன்ன பிறகே வாங்கிக் கொண்டு, நோட்டில் வரவு எழுதி, எங்களிடம் கையெழுத்தும் வாங்கினார். 300 பைக்கு ஆர்டர் கொடுத்துத் துணிப் பணத்தை முன்னதாகக் கட்டினோம்.

புரட்டாசிக் கடைசியில் மூட்டை வந்தது. எண்ணினோம்; 300 இருந்தது. ஒன்பது பைகளில் கைப்பிடி சற்று ஏற்ற இறக்கமாக இருந்தது. தகவல் சொன்னதும், அடுத்து மலையிலிருந்து இறங்கிய பலாப்பழ வண்டியில் ஒன்பது புதுப் பைகளை அனுப்பி விட்டார்கள். மீதிப் பணம் மூட்டை வந்த அன்றே போயிற்று.

பை வேண்டும் உறுப்பினர்கள் அளவு, எண்ணிக்கை, அச்சிட வேண்டிய கடைப் பெயர் ஆகியவற்றைச் சங்க அலுவலகப் பதிவேட்டில் எழுதி, துணிப் பணத்தைக் கட்டி ரசீது பெற்றுக் கொள்ளலாம். கடன் பேச்சு வேண்டாம். அந்தக் குழு நமக்கு இரண்டாம் முறை கதவைத் திறந்திருக்கிறது. மூன்றாம் முறை திறக்கும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.