சுவருக்குள் நிற்கும் தண்ணீர்

பிரிட்டனில் பெரும்பாலான பழைய வீடுகளுக்குள் போனால், ஜன்னலுக்குக் கீழே சுவரோரமாக, வரி வரியாய் மடிப்பு விழுந்த இரும்புப் பலகை ஒன்று இருக்கும். அதுதான் ரேடியேட்டர். அடுக்களை பாய்லர் எரிவாயுவை எரித்துத் தண்ணீரைச் சுட வைக்க, பம்ப் அதை அறை அறையாகச் சுற்றவிடுகிறது. சூட்டை இறக்கி வைத்த தண்ணீர் மறுபடி பாய்லருக்கே வந்து சேரும். வருடக்கணக்காக ஏறக்குறைய ஒரே தண்ணீர்தான். ரேடியேட்டரின் மேல்மூலையில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தினால் சில வீடுகளில் மை போலக் கறுப்பாகச் சொட்டும். உள்ளே இரும்பு அரித்துப் பொடியாகிக் கலந்ததன் நிறம் அது.

மின்சார ஹீட்டருக்கு மாறிவிட்டால் இதையெல்லாம் என்ன செய்வது? ஸ்விட்சை அணைத்துவிட்டு அப்படியே விடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். ஜனவரிக் குளிரில் பரண் குழாய் வெடித்தது அன்றே தெரியாது. பனி இளகும் நாளில் கூரையிலிருந்து ஒழுகும்போதுதான் தெரியும்.

இதைவிட அஞ்ச வேண்டியது, கணப்படுப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் பழைய பாய்லர். நிலக்கரிக் காலத்தில் கணப்பின் முதுகில் ஓர் இரும்புப் பெட்டியைப் பொருத்தித் தண்ணீர் காய்ச்சினார்கள். எரிவாயு வந்ததும் குழாய்களை வெட்டி, முனைகளை அடைத்து, பெட்டியை அங்கேயே விட்டுவிட்டவர்கள் உண்டு. உள்ளே மிச்சத் தண்ணீர். பல வருடம் கழித்துக் குடிவந்தவர் அந்தக் கணப்பில் ஆசையாக நெருப்பு மூட்டுகிறார். நீராவியாக மாறும் தண்ணீருக்குச் சுமார் 1,600 மடங்கு இடம் வேண்டும், வெளியேற வழியில்லை. பெட்டி வெடிக்கிறது. இப்படி உயிர்ப்பலியும் நேர்ந்து, அரசின் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. அந்தப் பெட்டியைக் கழற்றி எடுக்க வேண்டும். முடியாவிட்டால் தண்ணீரை வடித்து, அழுத்தம் தங்காதபடி துளையாவது போட வேண்டும்.

வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் பொருத்தும் எண்ணம் இருந்தால் ரேடியேட்டர்களை அவசரப்பட்டுப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஹீட் பம்ப் அனுப்பும் தண்ணீருக்குச் சூடு குறைவு, ஆகவே சில அறைகளுக்குப் பெரிய பலகை தேவைப்படலாம். மற்றவற்றைக் கழுவிச் சுத்தம் செய்து அப்படியே பயன்படுத்தலாம்.

எரிவாயு இணைப்பில் மட்டும் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். அதைத் துண்டிக்க, எரிவாயுப் பணியாளர்களுக்கான 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் உள்ளவரையே அழையுங்கள். வந்தவரின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்கவிடுங்கள்.