பரணில் பூசணம் பிடிப்பது ஏன்?

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் அடைமழைக் காலம். அப்போது ஓட்டு வீடுகளின் பரணில் நெசவாளர் வைத்த கஞ்சிப் பாவும், உழவர் அடுக்கிய நிலக்கடலை மூட்டையும் பூசணம் பிடித்துக் கெடுவதுண்டு.

பூசணம் வளர உணவும் ஈரமும் வேண்டும். பாவிலுள்ள கஞ்சியும் கடலைப் பருப்பும் அதற்கு உணவாகின்றன. ஈரம் மூன்று வழிகளில் சேர்கிறது. முதலாவது, விலகிய ஓட்டின் வழியே கசியும் மழைநீர். இரண்டாவது, அடுக்களையிலிருந்து எழும் நீராவி. குளிர்ந்த ஓட்டில் பட்டு அது துளியாகிறது. மூன்றாவது, நன்கு உலராத சரக்கு தன்னுடன் கொண்டுவரும் ஈரம். காற்றோட்டம் இல்லையேல் இவ்வீரம் வெளியேறாது.

பாவு கெட்டால் பொருள் நட்டம் மட்டுமே. கடலை கெட்டால் உயிருக்கும் கேடு. 1960-இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அதிலிருந்த அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு மனிதருக்கு ஈரற் புற்றுநோய் உண்டாக்க வல்லது; வறுத்தாலும் முற்றும் நீங்காது.

ஆகவே அங்கத்தினர்கள் புரட்டாசிக்குள் ஓடு மாற்றிவிடுதல் நலம். பரணுக்குக் காற்று வர வழி வைக்கவேண்டும். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் கட்டைகளின்மேல் அடுக்குக. குலுக்கினால் கலகலவென ஒலிக்கும்வரை கடலையை உலர்த்துக. பூசணம் கண்ட கடலையைக் கறவை மாட்டுக்கும் இடலாகாது. நஞ்சு பாலிலும் இறங்கும்.